நடுவில் எதுவும் இல்லாத சொல்

ஆங்கிலத்தில் எனக்குப் பயத்தையும் பக்தியையும் ஒருசேர உண்டாக்கிய வார்த்தை ஒன்றுதான். பெரிய வார்த்தையெல்லாம் இல்லை. லீவு லெட்டரில்கூட வரும் வார்த்தை. இம்மீடியட்லி. தியாகராய நகரில் ஒரு தபால் தந்தி ஆபீசின் தந்திக் கவுண்டரில் நான் உட்கார்ந்திருந்த வருஷங்களில், அதாவது அறுபதுகளின் கடைசியிலும் எழுபதுகளின் தொடக்கத்திலும், அதை எத்தனை முறை எழுதியிருப்பேன் என்று யாராவது கேட்டால் சிரிப்புத்தான் வரும். மூச்சு விட்டதை யார் எண்ணி வைத்திருக்கிறார்கள்?

கவுண்டருக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ஆங்கிலம் தெரியாது. தந்தி பாரத்தை என் பக்கமே தள்ளி, விஷயத்தைச் சொல்லி, எழுதச் சொல்வார்கள். மாம்பலம் மார்க்கெட்டில் காய் விற்கிற பெண்களும் வருவார்கள், பனகல் பூங்காப் பக்கத்து வீட்டுத் தரகர்களும் வருவார்கள். எல்லோருக்கும் அந்த ஒரு வார்த்தை மட்டும் தெரியும். தன் பெயரை ஆங்கிலத்தில் எழுதத் தெரியாதவர்கூட, நான் எழுதி முடித்த பாரத்தைச் சந்தேகமாகப் பார்த்து, இம்மீடியட்லி போட்டீங்களா என்று கேட்பார். போட்ட இடத்தை விரலால் காட்டினால்தான் நிம்மதி. பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைத்த திருப்தியோடு போவார்கள்.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. எங்கள் ஊர்த் தந்திகளில் யாரும் சாக மாட்டார்கள். வீட்டில் அப்பா இறந்து, சொந்தக்காரர்கள் கூடி, வாசலில் பெஞ்சு போட்டாயிற்று. பம்பாயில் இருக்கும் பிள்ளைக்குத் தகவல் சொல்ல வேண்டும். மைத்துனரோ சித்தப்பாவோ கவுண்டருக்கு வருவார். கண் சிவந்திருக்கும். தலைமயிர் கலைந்திருக்கும். என்ன எழுதச் சொல்வார்? 'ஃபாதர் சீரியஸ் ஸ்டார்ட் இம்மீடியட்லி.' அப்பாவுக்கு உடம்பு கவலைக்கிடம், உடனே புறப்படு. அவ்வளவுதான். இறந்துவிட்டார் என்ற வார்த்தை அந்தப் பாரத்தில் ஏறவே ஏறாது.

கேட்டால் நியாயம் சொல்வார்கள். பையன் தனியாக இருக்கிறான். படித்ததும் அங்கேயே உடைந்து உட்கார்ந்துவிட்டால் யார் தூக்குவது? நம்பிக்கையோடு ரயில் ஏறட்டும், வழியில் ஒரு காபியாவது குடிக்கட்டும். சென்ட்ரலில் நாலு பேர் போய் நின்று, கையைப் பிடித்து, பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம். இரக்கத்தில் பிறந்த பொய்தான். ஆனால் ஊரே அதைச் சொல்லிச் சொல்லி, பொய் சொல்கிறவருக்கும் தெரியும், வாங்கிப் படிக்கிறவருக்கும் தெரியும், நடுவில் உட்கார்ந்து கட்டைப் பேனாவால் எழுதுகிற எனக்கும் தெரியும் என்கிற நிலைக்கு வந்துவிட்டது. இம்மீடியட்லி என்று கண்டால் கதை முடிந்தது என்று அர்த்தம். எனக்கு அந்த நாளில் இது கோபமாகவே வரும். உண்மையை மறைப்பதாக இருந்தால் ஒழுங்காக மறைக்க வேண்டாமா என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே எழுதுவேன்.

எங்கள் ஆபீசில் தந்தி கொண்டுபோய்க் கொடுக்கிறவர் வண்ணாரப்பேட்டைக்காரர். சைக்கிளும் காக்கிச் சட்டையுமாக மத்தியானம் திரும்பி வந்து, என் கவுண்டருக்கு எதிரே நின்று வியர்வையைத் துடைத்தபடி புலம்புவார். "நான் இன்னும் சைக்கிள ஸ்டாண்டுகூட போடல மா. அதுக்குள்ள வூட்டுக்குள்ள ஒப்பாரி வச்சிகினு கீறாங்க. பிரிச்சிப் பாத்தா, பையன் பரீட்சைல பாஸுன்னு கீது." தான் தெருவுக்குள் நுழைந்தாலே நாய்கூட வாலைச் சுருட்டிக்கொள்கிறது என்பார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

கூட்டம் இல்லாத ஒரு பிற்பகலில், தினமும் எழுதுகிற வார்த்தை எங்கிருந்து வந்தது என்று பார்க்கலாமே என்று தோன்றியது. ஆபீசில் அட்டை போன ஒரு பெரிய அகராதி இருந்தது. அதன் வேலை பெரும்பாலும் ஜன்னல் கதவு அடித்துக்கொள்ளாமல் முட்டுக் கொடுப்பது. எடுத்துத் தூசி தட்டிப் பிரித்தேன். லத்தீன் என்று போட்டிருந்தது. நான் சாந்தோமில் பிறந்து வளர்ந்தவள். சின்ன வயதில் எங்கள் பூசை முழுக்க லத்தீன்தான். அர்த்தம் தெரியாமல் ஓசையை மட்டும் மனப்பாடமாக வைத்திருந்த மொழி அது. பூசை தமிழுக்கு மாறிச் சில வருஷங்களே ஆகியிருந்தன. அந்த மொழி தந்தி ஆபீசில் வந்து என் முன்னால் உட்காரும் என்று நான் நினைக்கவில்லை.

மேடியுஸ் என்றால் நடு. அதன் முன்னால் இல்லை என்கிற பொருளில் ஒரு சின்ன ஒட்டு. ஆக, நடுவில் எதுவும் இல்லாமல். இதுதான் இம்மீடியட்லி. முதலில் அது நேரத்தைப் பற்றிய வார்த்தையாகவே இல்லையாம். ஒரு காரியத்துக்கும் அதைச் செய்தவருக்கும் நடுவில் வேறு ஆள் இல்லை, கை நேராகப் பட்டது என்று சொல்ல வந்த வார்த்தை. பிறகு இடத்துக்கு வந்தது: குளத்துக்கு அடுத்தாற்போல் கோயில், நடுவில் வேறு கட்டடம் இல்லை. கடைசியாகத்தான் நேரத்துக்கு வந்திருக்கிறது: இதற்கும் அதற்கும் நடுவில் ஒரு நொடிகூட இல்லை. பள்ளிக்கூடத்தில் தமிழ் மீடியம், இங்கிலீஷ் மீடியம் என்கிறோமே, அந்த மீடியமும் இந்த நடுவின் பிள்ளைதான். பனகல் பூங்காத் தரகர்கள் தங்களை மீடியேட்டர் என்று சொல்லிக்கொள்வார்கள்; அதுவும் இதே குடும்பம். தரகர் நடுவில் நிற்கிறவர். இம்மீடியட்லி என்றால் தரகர் இல்லாமல் என்று அர்த்தம்.

அதோடு நிறுத்தியிருந்தால் சுவாரஸ்யம் என்று சொல்லி அகராதியை ஜன்னலுக்கே அனுப்பியிருப்பேன். ஆனால் தமிழில் இதற்கு என்ன சொல்கிறோம் என்று நினைத்தேன். உடனே. அதில் இருப்பது உடன். உடன் என்றால் கூட, சேர்ந்து. உடன்பிறந்தவன் என்கிற உடன். லத்தீன்காரன் நடுவில் எதுவும் இல்லை என்று சொன்னதை, தமிழன் கூடவே இருக்கிறது என்று சொல்லியிருக்கிறான். ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளாமல் இரண்டு கூட்டம், கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும், நேரத்தைச் சொல்ல நெருக்கத்தைப் பிடித்திருக்கிறது. மயிர்க்கூச்செறிந்தது எனக்கு. பக்கத்து சீட்டில் மணியார்டர் எழுதிக்கொண்டிருந்தவரிடம் சொன்னேன். நல்லாயிருக்கு, ஸ்டாம்ப் பேட் கொடுங்க என்றார்.

அதற்குச் சில மாதம் கழித்து, ஒரு காலை நேரத்தில் அந்த அம்மாள் வந்தாள். ஐம்பது வயதிருக்கும். ரங்கநாதன் தெருப் பக்கம் ஜவுளிக்கடை வைத்திருந்தவரின் மனைவி. அவளை அதற்கு முன் பார்த்ததில்லை. கணவரை நன்றாகத் தெரியும். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து கடை போட்டவர். வாரம் தவறாமல் வந்து ஈரோட்டுக்கும் சூரத்துக்கும் சரக்கு கேட்டுத் தந்தி கொடுப்பார். 'டெஸ்பாட்ச் இம்மீடியட்லி.' சிரிக்கத் தெரியாத மனிதர். அவர் எழுதும்போது மட்டும்தான் அந்த வார்த்தைக்கு அகராதி அர்த்தம் இருந்தது. உடனே சரக்கு அனுப்பு என்றால் உடனே அனுப்பு, அவ்வளவுதான். சில வாரங்களாக அவரைக் காணவில்லை, சரக்கு வாங்க வெளியூர் போயிருப்பார் என்று நினைத்திருந்தேன்.

அவருக்கு நெஞ்சுவலி. ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், பார்க்க வேண்டியவர்கள் வந்து பார்த்துவிடட்டும் என்று சொல்லிவிட்டார்கள். மகன் ஒருவன்தான், டில்லியில் சர்க்கார் உத்தியோகம். அப்பா அவனைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். அவன் இருக்கும் இடத்தில் டெலிபோன் இல்லை, கடிதம் போய்ச் சேர்வதற்குள் நாள் கடந்துவிடும். தந்திதான் வழி என்றாள். அழாமல் சொன்னாள்.

நான் பாரத்தை எடுத்தேன். கை பழக்கத்தில் ஃபாதர் சீரியஸ் என்று எழுதிவிட்டு, அடுத்த வார்த்தைக்குப் பேனாவைக் கொண்டுபோகும்போது அவள் கவுண்டர் கம்பிக்குள் கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அப்பிடி எளுதாதீய யம்மா. அப்பிடி எளுதுனா அவன் வர மாட்டான்."

எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள். சில வருஷம் முன்னால் அவளுடைய அப்பா ஊரில் இறந்தபோது மகனுக்கு இதே தந்திதான் போனது. தாத்தா வளர்த்த பையன் அவன். சீரியஸ் என்று படித்ததும் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு, ரிசர்வேஷன் இல்லாமல், ரயிலில் கதவோரம் நின்றுகொண்டே வந்திருக்கிறான். மூன்று நாள் வழிநெடுக ஒவ்வொரு ஸ்டேஷனிலும் தாத்தா பிழைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே வந்தானாம். வந்து பார்த்தால், தந்தி கொடுத்த அன்றே எரித்து, அவன் வருவதற்குள் சாம்பலும் கரைத்தாகிவிட்டது. அவன் சத்தம் போடவில்லை. அம்மாவிடம் ஒன்று மட்டும் சொன்னான். இனிமேல் இப்படித் தந்தி வந்தால் முடிந்துபோயிற்று என்று எடுத்துக்கொள்கிறேன். ஓடி வர மாட்டேன். பதினாறாம் நாளுக்கு லீவு போட்டு நிதானமாக வருகிறேன். சொன்னால் சொன்னதுதான், அவன் அப்பா மாதிரி, என்றாள்.

அவள் புருஷன் உயிரோடு இருக்கிறார். மகன் இன்றே கிளம்பினால் பார்த்துவிடலாம். இறந்துவிட்டதாக நினைத்தால் அவன் கிளம்பப்போவதே இல்லை. இதைச் சொல்ல வேண்டிய வார்த்தைகளை எல்லாம் நாங்கள் ஊர்கூடி ஏற்கனவே செலவழித்துவிட்டோம். சீரியஸ் என்றால் செத்துவிட்டார். கிரிட்டிக்கல் என்றால் நேற்றே செத்துவிட்டார். ஆங்கில எழுத்தில் தமிழை எழுதி அனுப்பலாம். டில்லியில் போய்ச் சேரும்போது பாதி எழுத்து உதிர்ந்து வேறு என்னவோ ஆகியிருக்கும்.

உயிரோடு இருக்கிறார் என்று எழுத முடியுமா என்று கேட்டாள். எழுதலாம், ஆனால் யோசித்துப் பாருங்கள் என்றேன். உயிரோடு இருக்கிறார் என்று யாராவது தந்தி கொடுப்பார்களா? அதைப் படித்தால்தான் செத்துவிட்டார் என்றே முடிவு கட்டுவான். அவளுக்கும் அது புரிந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். பக்கத்துக் கவுண்டருக்குப் போகச் சொன்னேன், கொஞ்சம் கடுமையாகவே.

அந்த வார்த்தைக்கு என்னதான் அர்த்தம் என்று கேட்டாள். எந்த வார்த்தை என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அகராதியில் பார்த்ததைச் சொன்னேன். நடுவில் எதுவும் இல்லாமல் என்று அர்த்தம். தமிழில் உடனே என்றாலும் கூடவே என்றுதான் அர்த்தம் என்றேன். ஒரு ஜவுளிக்கடைக்காரர் வீட்டு அம்மாளிடம், அதுவும் அந்த நிலையில் இருப்பவளிடம், சொல்கிற விஷயமா இது என்று சொல்லும்போதே கூச்சமாக இருந்தது. அவள் கவனமாகக் கேட்டாள்.

"வார்த்தைய நல்லாத்தான் செஞ்சிருக்காக. நாமதான் நடுவுல பொய்யக் கொண்டு வச்சிட்டோம்," என்றாள்.

அகராதி எழுதினவர்கள் யாராவது அன்று அங்கே இருந்திருந்தால் எழுந்து நின்றிருப்பார்கள். எனக்கு நிஜமாகவே எழுந்து நிற்க வேண்டும்போல் இருந்தது. அத்தனை வருஷம் அந்தக் கவுண்டரில் உட்கார்ந்து நான் எரிச்சல்பட்டுக்கொண்டிருந்த விஷயத்தை, அவள் கோபமே இல்லாமல், யாரையும் குற்றம் சொல்லாமல் எடுத்து வைத்துவிட்டாள்.

பிறகு அவளே யோசித்தாள். போனவர்களுக்கு யாரும் எதுவும் வாங்கி வரச் சொல்ல மாட்டார்கள். அப்பா ஒரு சாமான் கேட்கிறார், வாங்கிக்கொண்டு வா என்று எழுதினால் என்ன? கேட்கிறவர் இருந்தால்தானே கேட்க முடியும். எனக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. டில்லியில் குளிருக்குச் சால்வை நன்றாக இருக்கும், அப்பாவுக்குக் கம்பளிச் சால்வை வேண்டும் என்று எழுதுவோம் என்றேன். அவள் வேகமாகத் தலையாட்டி மறுத்தாள். துணி கூடாது. சாவு வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் கோடித்துணி கொண்டுவந்து உடம்பின் மேல் போர்த்துவது அவர்கள் வழக்கம். தந்தியில் துணி என்று பார்த்தால் பையன் அதைத்தான் நினைப்பான். ஜவுளிக்கடைக்காரர் வீட்டில் துணியைப் பற்றி எழுத முடியவில்லை. சாந்தோம்காரியான எனக்கு அது தோன்றவே இல்லை. அவள் சொல்லியிராவிட்டால் நானே அந்தப் பையனுக்குக் கோடி வாங்கி வரச் சொல்லித் தந்தி அடித்திருப்பேன்.

சரி, பழம் என்று எழுதுவோம், வேறு ஏதாவது எழுதுவோம் என்று நான் அடுக்கினேன். அவள் வேண்டாம் என்றாள். நாமாக ஒன்றைச் சொன்னால் அதுவும் பொய்தானே, ஏற்கனவே ஒருமுறை அவனிடம் பொய் சொல்லியாயிற்று என்றாள். அவரிடமே கேட்டுவிட்டு வருகிறேன், இந்தப் பாரத்தைக் கிழிக்காமல் வையுங்கள் என்று சொல்லிவிட்டு, அந்த வெயிலில் உஸ்மான் ரோட்டுப் பக்கம் நடந்தாள். நேரம் போய்க்கொண்டிருக்கிறது, ஏதோ ஒன்றை எழுதி அனுப்பித் தொலைக்கக் கூடாதா என்று எனக்கு ஆத்திரம். இன்னொரு பக்கம், இந்த மாதிரி ஒரு மனுஷியை நான் பார்த்ததே இல்லையே என்றும் இருந்தது.

திரும்பி வந்தபோது அவள் முகத்தில் வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"செருப்பு வேணுமாம்," என்றாள்.

மகன் போனமுறை வந்திருந்தபோது டில்லியில் வாங்கிய தோல் செருப்பு ஒன்றைப் போட்டிருந்தானாம். அது அவர் மனதிலேயே இருந்திருக்கிறது, வாய் திறந்து கேட்கவில்லை. இப்போது உங்களுக்கு டில்லியிலிருந்து என்ன வேண்டும் என்று இவள் கேட்டதும், எட்டாம் நம்பர், அதே மாதிரி, எழுந்து நடக்க ஆரம்பித்ததும் போட்டுக்கொள்ள வேண்டும் என்றாராம். கட்டிலை விட்டு இறங்க முடியாத மனிதர். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தேன். இதைவிட உயிருள்ள பதில் ஒன்றை யார் சொல்ல முடியும்?

பழைய பாரத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, உன்னுடையது போல எட்டாம் நம்பர் செருப்பு கேட்கிறார், உடனே புறப்படு. ஆங்கிலத்தில் 'ஃபாதர் இல் வான்ட்ஸ் சப்பல்ஸ் லைக் யுவர்ஸ் சைஸ் எயிட் ஸ்டார்ட் இம்மீடியட்லி.' கடைசி வார்த்தையை எழுதும்போது கை நிதானப்பட்டது. முதல்முறையாக அந்தக் கவுண்டரில் ஒரு வீட்டுத் தந்தியில் அந்த வார்த்தையை அதன் சொந்த அர்த்தத்தில் எழுதுகிறேன் என்று தெரிந்தது. எக்ஸ்பிரஸ் தந்தி என்று குறித்து உள்ளே கொடுத்தேன். எங்கள் ஹெட் கிளார்க் வாங்கிப் படித்துவிட்டு, இது தந்தியா, செருப்புக்கடை ஆர்டரா என்றார். முதலில் அனுப்புங்கள் சார், அப்புறம் கேலி பண்ணலாம் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு அனுப்பினார். கருவி தட்டுகிற சத்தம் நிற்கும்வரை அந்த அம்மாள் கவுண்டரை விட்டு அசையவில்லை.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது எனக்கு வேறு பயம் பிடித்துக்கொண்டது. பையன் இதைப் படித்துவிட்டு, அப்பாவுக்குச் சும்மா காய்ச்சல்தான் போலிருக்கிறது, செருப்பு வாங்கி அடுத்த மாதம் போகலாம் என்று விட்டுவிட்டால்? பயமுறுத்தாமல் இருக்கப் போய்ப் பயமே இல்லாமல் ஆக்கிவிட்டோமோ? இறங்கியதும் நேரே வீட்டுக்குப் போகாமல் கோயிலுக்குள் போய் முழங்காலிட்டேன். என்ன ஜெபம் சொல்வது என்று தெரியவில்லை. செருப்பு, எட்டாம் நம்பர் என்றுதான் மனதில் ஓடியது. சாமி புரிந்துகொள்ளட்டும் என்று எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் காலை ஆபீசில் நுழைந்து கைப்பையைக்கூட வைக்கவில்லை, உள்ளே தந்தி வாங்குகிறவர் கூப்பிட்டார். உங்கள் செருப்புக்கடைக்கு ரிப்ளை வந்திருக்கிறது, என்னவென்று பாருங்கள் என்று காகிதத்தை நீட்டினார். டில்லியிலிருந்து வந்த தந்தி. 'பிளாக் ஆர் பிரவுன் ஸ்டார்ட்டிங் டுடே.' கறுப்பா பழுப்பா, இன்று புறப்படுகிறேன்.

நான் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். கலர் கேட்கிறான். செத்தவருக்குச் செருப்பின் கலரை யாராவது கேட்பார்களா? நம்பிவிட்டான். அவ்வளவு தூரத்தில், ஒரு காகிதத் துண்டை வைத்துக்கொண்டு, அப்பா இருக்கிறார் என்று நம்பிவிட்டான். அம்மா சொல்ல நினைத்தது நடுவில் எங்கும் சிந்தாமல் அவன் கையில் போய்ச் சேர்ந்துவிட்டது. எத்தனை வார்த்தைகளை அனுப்பிய கவுண்டர் அது. ஒரு வார்த்தை உண்மையாகப் போய்ச் சேர்வது இத்தனை பெரிய விஷயம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. வாய்விட்டு அழுதேன். ஹெட் கிளார்க் காபி வரவழைத்தார்.

வண்ணாரப்பேட்டைக்காரர் தந்தியை எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வந்ததும் நேராக என்னிடம்தான் வந்தார். கேட்டுக்குள் நுழைந்ததும் வழக்கம்போல் எல்லோரும் முகம் வெளுத்து எழுந்து நின்றார்களாம். அந்த அம்மாள் மட்டும் ஓடி வந்து வாங்கி, பக்கத்து வீட்டுப் பையனிடம் படிக்கச் சொல்லி, உள்ளே கட்டிலுக்குப் போய்ச் சொன்னாளாம்.

"நான் குடுத்த தந்திக்கு ஒரு வூட்ல சிரிச்சி இன்னிக்குத்தான் மா பாத்தேன்," என்றார். உள்ளேயிருந்து ஓர் ஆண் குரல் பழுப்பு, பழுப்பு என்று சொன்னது வாசல்வரை கேட்டதாம்.

பழுப்பு என்று பதில் கொடுக்க நேரமில்லை, பையன் ரயில் ஏறியிருப்பான். அவனும் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கறுப்பில் ஒரு ஜோடி, பழுப்பில் ஒரு ஜோடி, இரண்டையும் வாங்கிக்கொண்டு வந்து இறங்கினான். சில நாள் கழித்து அந்த அம்மாள் வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்பாவைக் கட்டில் விளிம்பில் உட்காரவைத்து, காலைத் தரையில் ஊன்றச் செய்து, மகன் குனிந்து மாட்டிவிட்டானாம். அவர் இரண்டு காலையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாராம். டாக்டர் சொன்ன கெடு தாண்டியது. மகன் லீவை நீட்டித்தான். ஆடி முடிந்து ஆவணியும் வந்தது. ஒருநாள் மகன் தோளைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை நடந்தார் என்று கேள்விப்பட்டேன். செருப்பின் மகிமை என்று ஆபீசில் கேலி பேசினோம். கேலிதான், ஆனால் பேசும்போது எல்லோருடைய குரலும் தணிந்தே இருந்தது.

ஆவணி கடைசியில் ஒரு காலை, கவுண்டர் திறந்ததும் அவள் முதல் ஆளாக நின்றாள். கூட மகன். அவனை நான் அன்றுதான் பார்த்தேன், அப்பாவின் அதே சிரிக்காத முகம். விடியற்காலையில் முடிந்துவிட்டது என்றாள். மகன் மடியில்தான் தலை இருந்ததாம். இனி பம்பாயில் இருக்கும் கொழுந்தனாருக்குச் சொல்ல வேண்டும். அவர் தனியாக இருக்கிறவர், அண்ணன் மேல் உயிர்.

அண்ணன் மேல் உயிர் என்று கேட்டதும் எனக்குப் பழைய இரக்கம் வந்துவிட்டது. அந்த மனிதர் தந்தியைப் படித்ததும் என்ன ஆவாரோ என்று நினைத்தபடி, கை தானாகவே எழுதத் தொடங்கியது. பிரதர் சீரியஸ் ஸ்டார்ட் வரை எழுதிவிட்டேன். அவள் கம்பிக்குள் கையை நீட்டி, அன்று போலவே என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இறந்துட்டாகன்னே எளுதுங்க யம்மா. அந்த வார்த்தய இதுக்குப் போடாதீய. உசுரோட இருக்கவுகளுக்கு யாருக்காச்சும் வேண்டியிருக்கும்."

பாரத்தைக் கிழித்துவிட்டு வேறொன்று எடுத்தேன். இறந்துவிட்டார் என்று எழுதினேன். மகன் வாங்கிப் படித்துப் பார்த்து, சரி என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டான்.